தட்டின் முதுகில் ஒரு ‘வெ’

அக்டோபர் 3, செவ்வாய்

இன்றும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. நாலு பேர் நின்றுகொண்டு வந்தார்கள், உட்கார ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. என் மடியில் ஐந்து கிலோ இறால் ஓடு. ஏழு வருஷமாக இதே கதைதான். நாறினால் நாறட்டும், தூத்துக்குடியில் இறால் நாறாமல் மல்லிகையா நாறும்?

லேப் நோட்டில் கோபத்தை எழுத இடமில்லை. அதற்காகத்தான் இந்த டைரி. ஆய்வேட்டைக் கொடுக்கும் வரைக்கும் நடப்பதை இதில் எழுதப்போகிறேன்.

செய்யும் வேலை இதுதான். இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்று ஒரு பொடி எடுப்போம். அதை அசிட்டிக் அமிலத்தில் (வினிகரில் இருக்கிற அதே அமிலம்) கரைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளித் துகளைச் சேர்த்து, கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய பிலிம் உரிந்து வரும். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணில் ஒட்டினால் கிருமி சாகும். கொல்வது வெள்ளி. மூன்று வருஷத்துக்கு முன் இதைப் பற்றி ஆய்விதழில் பேப்பர் வந்துவிட்டது, முதல் பெயர் என்னுடையது. முயல் சோதனையும் தேறிவிட்டது. நவம்பர் 15 முதல் ஊரிலுள்ள ஒரு மருத்துவமனையில் பதினெட்டு நோயாளிகளின் காலில் ஒட்டப்போகிறார்கள். டிசம்பரோடு என் பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் பேச்சியம்மாள். இல்லாவிட்டால் பேச்சி.

என் கைடு ஹில்டா மேடம் இன்று சொன்னார்: “ஆஸ்பத்திரிக்குப் பழைய பிலிம் வேண்டாம் பேச்சி. எல்லாம் புதுசாப் போட்டுக் கொடு.”

அக்டோபர் 5, வியாழன்

ஹாஸ்டலில் தொடர்ந்து மூன்றாவது நாளாக ரவை உப்புமா. ஏன் என்று வார்டனைக் கேட்டேன். என் பெயரை எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 6, வெள்ளி

புது பிலிம்களைச் சோதிக்க ஜுலைகாவிடம் கொண்டுபோனேன். அவள் மைக்ரோபயாலஜி ஆய்வு மாணவி, காயல்பட்டினத்துக்காரி. போன வருஷம்தான் சேர்ந்தாள். கிருமி வளர்ப்பதெல்லாம் அவள் பொறுப்பு. தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவே பிலிமிலிருந்து வெட்டிய சின்ன வட்டத் துண்டை வைப்பாள். மறுநாள் பார்த்தால் துண்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். வளையம் பெரிதானால் மருந்து பலமானது.

டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“பேச்சி, கோவிச்சுக்காத. ஒன் பிலிம்ல ஊறுகா வாசம் அடிக்குது.”

“ஒனக்குப் பசிக்குது. போய்ச் சாப்பிடு.”

“சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். எங்க உம்மா வினிகர்ல போடுற ஊறுகா. அதே வாசம்.”

எனக்கு வந்த கோபத்தில் டப்பாவைப் பிடுங்கி மூடினேன். ஏழு வருஷம் முகர்ந்த என் மூக்குக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

அக்டோபர் 9, திங்கள்

இறால் ஓடு விரலைக் கீறிவிட்டது. கையில்தான் பிலிம் இருக்கிறதே என்று ஒரு துண்டை ஒட்டினேன். உயிர் போகிற எரிச்சல். மருந்து என்றால் எரியத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் இருந்தேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

விரல் சிவந்திருக்கிறது. தோல் வெளுத்து உரிகிறது.

அக்டோபர் 12, வியாழன்

பிலிமை நனைத்து பிஹெச் தாளில் வைத்தேன். பளிச்சென்று சிவந்தது. காய்ந்த பிலிமுக்குள் அமிலம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

முறைப்படி பிலிமைக் காரக் கரைசலில் கழுவி அமிலத்தை எடுக்க வேண்டும். எங்கள் முறையில் அந்தப் படி இல்லை. கழுவ வேண்டியதில்லை என்று அப்போது முடிவு செய்யப்பட்டது.

இன்று கழுவினேன். வெள்ளி சேர்த்த பிலிம், வெள்ளியே இல்லாத வெறும் பிலிம் இரண்டையும், கழுவியது ஒன்று கழுவாதது ஒன்றாக, ஜுலைகாவிடம் கொடுத்தேன். ஊறுகாயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

அக்டோபர் 13, வெள்ளி

பன்னிரண்டு தட்டு. பன்னிரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன.

கழுவாத வெறும் பிலிம்: வளையம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். கழுவாத வெள்ளிப் பிலிம்: பதினான்கு. வெறும் பிலிமைக் கழுவினால் வளையமே இல்லை, கிருமி துண்டின் மேலேயே ஏறி வளர்ந்திருக்கிறது. வெள்ளிப் பிலிமைக் கழுவினால் எட்டரை. துண்டின் அகலமே ஆறு. அப்படியானால் வெள்ளி செய்த வேலை இவ்வளவுதான். மீதியெல்லாம் வினிகர்.

எங்கள் பேப்பரில் வெள்ளிக்கு இருபத்திரண்டு, வெறும் பிலிமுக்குப் பதினான்கு என்று இருக்கிறது. எங்கேயோ மாறிப்போயிருக்கிறது. அப்போதைய பழைய லேப் நோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

மேடத்திடம் சொன்னேன்.

“உக்காரு. எத்தனை தட்டு பார்த்தே?”

“பன்னிரண்டு மேடம்.”

“பன்னிரண்டு தட்டுக்காக இத்தனை வருஷ வேலையைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா? முயலுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“முயலுக்கு வச்சது நாலு மாசம் பழைய பிலிம் மேடம். அமிலம் அதுக்குள்ள பறந்திருக்கும். நோயாளிங்களுக்குப் புதுசு போடச் சொல்லியிருக்கீங்க.”

“அமிலமாவே இருக்கட்டும். வினிகரை வச்சுப் புண்ணைக் கழுவுறது புதுசா என்ன? கிருமி சாகுதா இல்லையா?”

“அப்ப வினிகர்னே சொல்லிக் கொடுப்போம். வெள்ளின்னு ஏன் சொல்லணும்?”

“பழைய நோட்டைப் பார்த்தியா?”

“தேடிக்கிட்டு இருக்கேன் மேடம்.”

“தேடு. நான் மார்ச்ல ரிட்டயர் ஆறேன். அதையும் ஞாபகம் வச்சுக்கோ.”

மேடத்தைத் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த என்னைக் கருத்தரங்கில் தமிழிலேயே பேசவிட்டவர் அவர். காய்ச்சலில் கிடந்தபோது ஹாஸ்டலுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர். தட்டில் தமிழில் லேபிள் எழுதுகிறாளே என்று மற்றவர்கள் சிரித்தபோது, “அவ தட்டு, அவ இஷ்டம்” என்றவரும் அவர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, வெள்ளி

நோயாளிகளுக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக்காட்ட என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நான்காவதாக வந்தவர் முத்துக்கனி அக்கா. ஐம்பது வயது தாண்டியவர், உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர். பாதத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். நான் படித்துக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் கெடக்கட்டும் தாயி. ஒட்டுனா எரியுமா?”

“எரியாதுக்கா.”

“எரிஞ்சாலும் எனக்கு எங்க தெரியப்போவுது. காலு மரத்துப் போயி மூணு வருசமாச்சு. போன மாசம் செருப்புல ஆணி ஏறி ரெண்டு நாளு அப்படியே நடந்திருக்கேன். எம் மவதான் ரத்தத்தப் பாத்துட்டுச் சத்தம் போட்டா.”

சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தார். எல்லாப் பெயருக்கும் நேரே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு வந்தேன். பதினெட்டுப் பேரில் பதினான்கு பேருக்குக் காலில் உணர்ச்சி இல்லை. எரிகிறது என்று எவரும் புகார் சொல்லப்போவதில்லை. ‘எரியாது’ என்று எவ்வளவு சரளமாகச் சொன்னேன்! எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. நான் கதவைத் திறக்கப் போனதும் அட்டெண்டர் பதறினார்.

“இன்னைக்கு மிஷினைத் தொடக் கூடாதும்மா.”

“கிருமிக்கு லீவு இல்லண்ணே.”

திறந்தேன். மூன்று நாளாக நான் ஓட்டிக்கொண்டிருந்த சோதனை. கழுவாத வெள்ளிப் பிலிமின் ஒரே துண்டைத் தினம் ஒரு புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். முதல் நாள் பெரிய வளையம். இரண்டாம் நாள் பாதி கூட இல்லை. மூன்றாம் நாள் பிலிமுக்கு அடியிலேயே கிருமி மொய்த்திருந்தது. அமிலம் தீர்ந்துவிட்டது, மீதமிருக்கும் வெள்ளிக்குப் பலம் போதவில்லை. மருத்துவமனையில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் கட்டுப் பிரிப்பார்கள். அதுவரை மூடிய புண், அடியில் கிருமி, மேலே வலி தெரியாத கால். அந்தக் கால் என்ன ஆகும் என்று சொல்ல நான் டாக்டராக வேண்டியதில்லை.

இனி இந்த டைரியிடமாவது பொய் சொல்லக் கூடாது. நோட்டு தொலையவில்லை. 13ஆம் தேதியே எடுத்துப் பார்த்துவிட்டேன். என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

தட்டின் முதுகில் எழுத இடம் குறைவு. அதனால் அப்போது வெ1, வெ2 என்று எழுதினேன். நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: வெ1 வெறும், வெ2 வெள்ளி. மூன்று மாசம் கழித்து, நோட்டைத் திறக்காமல், போட்டோவை மட்டும் பார்த்துப் பேப்பருக்கு அட்டவணை போட்டேன். வெ1-ல் அவ்வளவு பெரிய வளையம். அது வெள்ளியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வெள்ளி என்று எழுதினேன். வெள்ளிப் பிலிமை ஆறு மணி நேரம் கூடுதலாகச் சூடாக்குவோம், அதில் அமிலம் குறைந்திருக்கிறது, வளையமும் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

‘முடிவு செய்யப்பட்டது’ என்று எழுதினேன் அல்லவா? யார் செய்தார்கள்? கழுவினால் பிலிம் சுருண்டு கீறல் விட்டது. மாநாட்டுக்கு நாலு நாள் இருந்தது. மேடத்திடம் கேட்கவே இல்லை. நான்தான் கழுவவில்லை.

அக்டோபர் 25, புதன்

நோட்டை மேடத்தின் மேஜையில் விரித்து வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதை யார் யார் பார்த்தாங்க?”

“நீங்களும் நானும்.”

“அதோட இருக்கட்டும். டிரையல் ஆரம்பிக்கட்டும். பாதியில கழுவின பிலிமா மாத்திக் கொடுத்துடலாம்.”

“எட்டரை மில்லிமீட்டருக்கு ஆஸ்பத்திரிக்காரங்க அனுமதி தரலை மேடம். இருபத்திரண்டுக்குத் தந்திருக்காங்க.”

“பேச்சி, உன் ஆய்வுச் சுருக்கத்துல நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஆய்வேடு போகும். போட்டுத் தர்றேன். நீ எட்டாம் தேதி ஆஸ்பத்திரி மீட்டிங்ல புரொஜெக்டரை மட்டும் பார்த்துக்கோ. பேச வேண்டாம்.”

மிரட்டுகிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரல். அதுதான் என்னை அதிகமாக நோகடித்தது.

நவம்பர் 3, வெள்ளி

ஆய்வுச் சுருக்கம் கையெழுத்தோடு என் மேஜைக்கு வந்துவிட்டது. பச்சை மை. ஏழு வருஷம் காத்திருந்த கையெழுத்து. வெட்கமில்லாமல் இரண்டு தடவை தடவிப் பார்த்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

அம்மா போனில்: “தை மாசம் தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கணும். ஒம் பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுருவமா?”

“போடாதம்மா.”

“ஏம்ட்டி?”

“அச்சுல தப்பு வரும்.”

நவம்பர் 8, புதன்

கையெழுத்துப் போட்ட தாள் பையில்தான் இருந்தது. அனுப்பவில்லை. அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம், அந்தக் கெட்டிக்காரத்தனமும் எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்தக் கையெழுத்து நான் வாயை மூடுவதற்காகப் போட்டது. வாயைத் திறக்கப்போகிறவள் அதை எப்படி வைத்துக்கொள்வாள்?

மருத்துவமனையில் நீள மேஜை. அறுவை சிகிச்சை டாக்டர் கதிரேசன், டிரையலுக்கு அனுமதி கொடுத்த குழுவினர் நாலு பேர், மேடம். மேடம் பேச ஆரம்பிப்பதற்கு முன் நான் முதல் படத்தைப் போட்டேன். அது மேடம் தயாரித்த படம் இல்லை. ஒரு பக்கம் தட்டின் முதுகு, இன்னொரு பக்கம் என் நோட்டு.

“சார், இந்தத் தட்டுல ‘வெ’ன்னு இருக்கு. பேப்பர்ல இதை வெள்ளின்னு போட்டிருக்கோம். இது வெறும் பிலிம். கிருமியைக் கொன்னது வினிகர் அமிலம். ரெண்டாம் நாளே அது தீர்ந்துருது. மூணாம் நாள் புண்ணுல கிருமி வளரும், நோயாளிங்க காலுக்கு அது தெரியாது. தயவு செஞ்சு ஒட்டாதீங்க.”

ஜுலைகாவின் தட்டுப் படங்கள் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இதையும் பாருங்க சார்” என்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பார்த்தார்.

டாக்டர் கதிரேசன் கேட்டார்: “இந்தத் தப்பை யாரும்மா பண்ணினது?”

“நான் சார். கழுவாம விட்டதும் நான்தான், அட்டவணையை மாத்தி எழுதினதும் நான்தான்.”

“உங்க கைடுக்கு எப்பத் தெரியும்?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்துக்கொண்டு போகவில்லை. “அதை மேடத்தையே கேளுங்க சார்” என்றேன்.

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். இன்றைக்குத்தான் தெரியும் என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் மறுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது.

“அக்டோபர் பதினாறு” என்றார் மேடம். அந்த அறையில் அதிகத் தைரியம் தேவைப்பட்டது அவருக்குத்தான், எனக்கு அல்ல.

டிரையலை நிறுத்திவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மேடம் கேட்டார்: “நான் இல்லாதப்போ தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல? இத்தனை பேர் முன்னால என்னை உக்கார வச்சா சொல்லணும்?”

“நீங்க இல்லாதப்போ சொன்னா அது கோள் மேடம்.”

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். வாங்கி இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இனிமே என் லேப்புக்கு வராதே” என்றார்.

நவம்பர் 9, வியாழன்

பூட்டை மாற்றிவிட்டார்கள். என் கோட்டும் செருப்பும் ஒரு துணிப்பையில் வாசலில் இருந்தன.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

மைக்ரோபயாலஜியில் ஜுலைகா ஒரு மேஜை காலி செய்து கொடுத்தாள். “நாறும்ளா” என்றேன். “கிருமி நாத்தத்தோட கலந்துரும்” என்றாள். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் மிக்ஸியில் ஓடு அரைத்தேன். எது எந்தச் சத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

பேப்பரைத் திரும்பப் பெறச் சொல்லி ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். ‘செய்யப்பட்டது’ என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

துறைத் தலைவர் கூப்பிட்டார். ரொம்ப அன்பாக உட்கார வைத்தார். “கருவியில பிழைன்னு ஒரு வரி எழுதிக் கொடும்மா. எல்லாருக்கும் மரியாதை. உனக்கு வேற கைடு போட்டு, ஆறு மாசம் நீட்டிப்பும் வாங்கித் தர்றேன்.”

தாளை வாங்கினேன். ஒரு வரிதான் எழுதினேன்: ‘கருவியில் பிழை இல்லை.’ கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முப்பத்தொரு வயது, கையில் ஒன்றுமில்லை, பயமாக இருக்கிறது. பயப்படாதவள் மாதிரி இங்கே எழுதினால் அதுவும் பொய்தான்.

நவம்பர் 22, புதன்

நான் படித்துக் காட்டித்தான் பதினெட்டுப் பேரும் ஒப்புக்கொண்டார்கள். டிரையல் நின்றுபோனது ஏன் என்பதையும் நான்தானே சொல்ல வேண்டும்? டாக்டர் கதிரேசனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கட்டுப் போடும் நாளில் போனேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துக்கனி அக்கா திட்டினார்.

“நீதானா நிறுத்துனது?”

“ஆமாக்கா.”

“பேரு குடுத்துட்டு நாளு எண்ணிக்கிட்டுக் கெடந்தோம். இப்பமும் பழைய கட்டத்தான் கட்டுதாங்க. ஏழு வருசம் என்னத்தப் படிச்ச நீ?”

“தப்பாப் படிச்சிட்டேன்க்கா.” எல்லாவற்றையும் சொன்னேன். எரியாது என்று சொன்னதையும், எரிந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்று கேட்ட பிறகும் அதைத் திருத்தாமல் கைநாட்டு வாங்கியதையும். அதைக் கேட்டதும் முகம் கறுத்தது. கட்டுப் போட்ட காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

“இப்ப எப்படி இருக்கு அந்த மருந்து?”

“கழுவிட்டேன். வெள்ளியையும் கூட்டியிருக்கேன். பலம் கொஞ்சம்தான்.” சுண்டு விரல் நகத்தைக் காட்டினேன். “வளையம் இத்தனூண்டு. ஆனா மூணாம் நாளும் அப்படியே நிக்குது.”

“நல்லா வந்தா எங் காலுக்குக் கொண்டாருவியா?”

“மறுபடி முயல்ல இருந்து ஆரம்பிக்கணும், அனுமதி வாங்கணும். ரெண்டு வருசம் ஆகும். மூணு கூட ஆகலாம்.”

“அம்புட்டு நாளு எங் காலு இருக்குமா?”

இருக்கும் என்று சொல்லப் பத்து வழி தெரியும் எனக்கு. ‘எரியாது’ என்று அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுக்கா.”

நர்ஸ் வந்து கட்டைப் பிரித்தாள். புண்ணை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். கழுவி, துடைத்து, புதுத் துணி சுற்றி முடிக்கும் வரை நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. திட்டட்டும், துப்பட்டும், நின்றே கேட்டுக்கொள்வது என்று இருந்தேன்.

கட்டு முடிந்ததும் காலைக் கீழே ஊன்றி எழுந்தார். ஒரு நிமிஷம் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியாதுன்னு சொல்லிட்டேல்லா” என்றார். “அப்ப இங்க நின்னு என்ன பண்ணுத? போயித் தெரிஞ்சுக்கிட்டு வா.”